கால் மணிக்கு ஒரு முறை

…இருபத்து மூன்றா, இருபத்து நான்கா, எந்த எண்ணில் நிறுத்தினோம் என்று மஞ்சள் தாளில் விரலை ஓட்டிக்கொண்டே வெல்டா காபிக் கோப்பையைத் தேடினாள், கோப்பை கையிலேயே இருந்தது, இப்படித்தான் ஆகும், மூன்று நாளில் மொத்தம் ஏழு மணி நேரம் தூங்கினால் கையில் இருப்பதே கண்ணுக்குத் தெரியாது, இருபத்து நான்கு, ஆமாம் இருபத்து நான்குதான், திருமதி ஓல்மெட், மில் சாலை, எண்பத்தொரு வயது, ஒஹாயோவில் இருக்கும் மகள் அங்கே ஒரு ஹாம் ரேடியோக்காரரைப் பிடித்துக் கேட்டு, அவர் இன்னொருவரிடம் சொல்லி, கைமாறிக் கைமாறி இந்த மேசைக்கு வந்து சேர்ந்த கேள்வி, அம்மா உயிரோடு இருக்கிறாளா, அவ்வளவுதான் கேள்வி. வியாழக்கிழமை மழை கொட்டித் தீர்த்தது, இன்று ஞாயிறு, செல்போன் கோபுரங்கள் செத்துக் கிடக்கின்றன, தொலைபேசிக் கம்பிகள் ஆற்றோடு போயின, பதினொரு பாலத்தில் எட்டைக் காணோம், மிச்சம் இருப்பது மலையுச்சியில் உள்ள ரிப்பீட்டர் ஒன்றுதான், இந்தப் பள்ளத்தில் ஒருவர் பேசுவதை வாங்கி அடுத்த பள்ளத்துக்கு எறிகிற பெட்டி, ஹாம் கிளப்காரர்கள் முதுகில் சுமந்து ஏற்றிய நான்கு பேட்டரியிலும் ஒரு சோலார் தட்டிலும் ஓடுகிறது, போன வாரம் வரை அதை ஊரில் ஒருவர் மதித்ததில்லை, வேலையற்ற கிழடுகளின் விளையாட்டுச் சாமான் என்பார்கள், இப்போது அதே ஊர் அவள் மேசை போட்டிருக்கும் தீயணைப்பு நிலையத்தின் வாசலில் வரிசை கட்டி நிற்கிறது, என் அண்ணன் பெயரை எழுதுங்கள், என் மகள் பெயரை எழுதுங்கள்... எழுதிக்கொண்டுதான் இருக்கிறாள். நாற்பத்தொரு பெயர். நெட் என்கிற இந்த ரேடியோ வட்டத்தை நடத்துகிறவள் அவள், அவள் விட்டால்தான் மற்றவர் பேசலாம், ஒரே அலைவரிசை, ஒரு நேரத்தில் ஒரே குரல், ஆகவே பெயர்கள் வந்த வரிசையில்தான் கேட்கப்படும், இதில் வேண்டியவர் வேண்டாதவர் கிடையாது, முப்பது வருஷம் பள்ளிப் பேருந்துகளை ரேடியோவில் மேய்த்தவளுக்கு இதுகூடத் தெரியாதா என்ன.

டக். பேச்சு இல்லை, மூச்சு இல்லை, யாரோ மைக் பட்டனை ஒரு நொடி அமுக்கிவிட்டு விட்டார்கள், மலையுச்சிப் பெட்டி அதற்கும் கடமையாக ஒரு பீப் சத்தம் போட்டு அடங்கியது. வந்துவிட்டான் ஐயா தட்டிப் பார்க்கிறவன். ஹாம்காரர்களில் இப்படி ஒரு ரகம் உண்டு, ரிப்பீட்டர் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கப் பட்டனை அமுக்குவான், பீப் வந்ததும் திருப்தியாகிப் போய்விடுவான், பெயரும் சொல்லமாட்டான் உரிமத்தில் உள்ள அழைப்புக்குறியும் சொல்லமாட்டான், அடுத்தவன் வீட்டு அழைப்பு மணியை அடித்துவிட்டு ஓடுவதைப் போல, சட்டப்படியும் தப்பு, மரியாதைப்படியும் தப்பு, சாதாரண நாளிலேயே வெல்டாவுக்குப் பற்றிக்கொண்டு வரும், அதுவும் இன்றைக்கு... பத்து மணிக்கு ஒரு முறை அமுக்கினான், பிறகு இன்னொரு முறை, இது மூன்றாவது. அவள் பழக்கதோஷத்தில் பதிவேட்டில் எழுதினாள், பத்து முப்பது, குரல் இல்லை, யாரென்று தெரியவில்லை. எல்லாவற்றையும் நேரம் போட்டு எழுதுவாள், தும்மினால்கூட எழுதுவாள் என்று கிளப்பில் கேலி செய்வார்கள். செய்யட்டும். "நெடின், இருபத்து நாலாம் நம்பர், ஓல்மெட், மில் சாலை, உங்க பக்கம் வந்திருக்காங்களா?" உயர்நிலைப் பள்ளி முகாமில் ரேடியோவோடு உட்கார்ந்திருப்பவள் நெடின், பல் மருத்துவரிடம் வேலை பார்ப்பவள், அவசரமே படாதவள். "இருக்காங்க வெல்டா. சூப்பு வேணாமாம், உப்பு ஜாஸ்தியாம். நல்லாத்தான் இருக்காங்க." யாரோ வாசலில் சிரித்தார்கள், ஒஹாயோ மகளுக்கு அம்மா கிடைத்தாள், சூப்பைக் குறை சொல்கிற அம்மா, வெல்டா அந்த வரியின் மேல் கோடு போட்டாள், கோடு கோணலாகப் போயிற்று, காபிதான் காரணம், வேறென்ன.

வேறென்ன என்று கேட்டால்... டெல்பர்ட்தான் காரணம். சற்று முன்னால்தான், ஹிக்கரி கோவ் பள்ளத்தின் வாயிலில் மீட்புக் குழுவோடு நிற்கும் டெல்பர்ட் அழைத்தான், குரலைத் தட்டையாக வைத்துக்கொண்டு, "ராய்ஸுக்கு ஒரு காகிதம் இருக்கு. கையில குடுக்கணும்." அவ்வளவே சொன்னான். அவ்வளவே சொல்லலாம். இறந்தவர் பெயரை அலைவரிசையில் சொல்வதில்லை, யார் வீட்டில் யார் கேட்டுக்கொண்டிருப்பார்களோ, ஒரு தாய் சமையலறை ரேடியோவில் பிள்ளையின் பெயரைக் கேட்கக்கூடாது, ஆகவே காகிதம், ஆகவே கையில், இந்த விதியை எழுதிவைத்ததே வெல்டாதான், ஆறு வருஷத்துக்கு முன்னால், கிளப் கையேட்டின் ஒன்பதாம் பக்கம். எவ்வளவு நல்ல விதி. இப்போது ஹிக்கரி கோவில் யாரோ ஒருவர் இறந்திருக்கிறார், யாரென்று அவள் கேட்கமுடியாது. தீயணைப்புத் தலைவன் ராய்ஸ் தொப்பியை எடுத்து மாட்டினான், சிறு வயதில் பள்ளிப் பேருந்தில் அவள் கண்முன் வாந்தி எடுத்த அதே ராய்ஸ், வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நகராமல் நின்றான். "மிஸ் வெல்டா, ஹார்லனோட பேரு நாப்பத்தொண்ணுல இருக்கே. மேல ஏத்திடட்டுமா? யாரும் தப்பா நெனைக்கமாட்டாங்க." "நான் நெனைப்பேன்." "அவரு உங்க தம்பியாச்சே." "எல்லாருக்கும்தான் தம்பி இருக்கான். நீ கெளம்பு, பாதை இருக்கிறப்பவே போயிட்டு வா." அவன் போனான். போக ஐம்பது நிமிடம், வர ஐம்பது நிமிடம், இருந்த பாதையில் பாதிதான் இருக்கிறது. நாற்பத்தொன்று, ஹார்லன், ஐம்பத்தெட்டு வயது, ஹிக்கரி கோவ் மேல் கோடி, தனியாக இருப்பவர், கேட்பவர் பெயர் வெல்டா, உறவு அக்கா. தன் கையாலேயே எழுதினாள். கடைசியில் எழுதினாள். தனக்கென்றால் கடைசிதான், அதில் ஒரு பெருமை வேறு, இருக்கட்டும், பெருமைதான்.

பத்து நாற்பத்தைந்து, டக், பீப். அடுத்த நொடியே பட்டனைப் பிடித்துவிட்டாள், பிடித்த வேகத்தில் கோப்பை சாய்ந்து பதிவேட்டின் ஓரம் நனைந்தது. "பட்டனை அமுக்கி வெளையாடுறது யாரா இருந்தாலும் சரி, இது அவசர நெட். ஜனங்க உசுரு இதுல தொங்குது. பேசறதுக்கு ஒண்ணும் இல்லன்னா கையை எடுத்துட்டு ஒதுங்கி இருங்க. இன்னொரு தடவ கேக்கக்கூடாது." விட்டாள். பீப். முப்பது ரேடியோக்களில் முப்பது பேர் மூச்சுக் காட்டாமல் இருந்தார்கள், அவள் குரலுக்கு அந்த வலு உண்டு, பேருந்து ஓட்டுநர்களே நடுங்குவார்கள். இருபத்தைந்து, கிடைத்தார். இருபத்தாறு, தகவல் இல்லை. இருபத்தேழு, கிடைத்தார், ஆனால் கால் முறிவு. பதினொரு மணியானது, சத்தம் இல்லை, நல்லது, உறைத்திருக்கிறது. இருபத்தெட்டு... ஆனால் மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை, எங்கேயோ இதே சொற்களைச் சொல்லியிருக்கிறாள், எங்கே, பேசறதுக்கு ஒண்ணும் இல்லன்னா... எங்கே என்று கேட்டுக்கொள்வதே பாசாங்கு, நன்றாகத் தெரியும், இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை மாலை ரேடியோப் பயிற்சியில், ஹார்லன் வண்டியின் கியர் பெட்டி பற்றிப் பேசிக்கொண்டே போனான், பிறகு பீன்ஸ் கொடி, பிறகு நாயின் காது, பட்டனை விடவே இல்லை, விட்டால்தானே மற்றவர் குறுக்கே வரமுடியும், மாநிலத்திலிருந்து பார்வையாளர் ஒருவர் வந்து கேட்டுக்கொண்டிருந்தார், அவளுக்கு முகமெல்லாம் எரிந்தது, அவன் விரல் ஒரு நொடி நழுவிய இடைவெளியில் புகுந்து சொன்னாள், ஹார்லன், அலைவரிசையை விடு, உருப்படியா சொல்ல ஒண்ணும் இல்லன்னா பேசாம இரு. அவன் சொன்னான், "சரி, வெல்டா." அழைப்புக்குறியை முறைப்படி சொல்லிவிட்டுப் போனான், வாழ்க்கையிலேயே அன்றைக்குத்தான் முறைப்படி சொன்னான். அதோடு சரி. அந்த நவம்பர் நன்றிநாள் விருந்துக்கு வரவில்லை, அடுத்த வருஷமும் வரவில்லை, அவள் கூப்பிட்டாளா, கூப்பிடவில்லை, தம்பிதானே வரவேண்டும், ரோஷம் அவனுக்கு மட்டுமா. பதினொன்றே கால், சத்தம் இல்லை. முப்பதாம் எண், தகவல் இல்லை.

நனைந்த பதிவேட்டைக் காகிதக் கைக்குட்டையால் ஒற்றும்போதுதான் பார்த்தாள். மை கலைந்து மற்ற வரிகள் எல்லாம் நீலக் கறையாகி இருந்தன, இடது ஓரத்தில் அவள் குறித்த குரல் இல்லாத நான்கு மட்டும் நேரத்தோடு தப்பித்திருந்தன. குரல் இல்லை, பத்து. குரல் இல்லை, பத்தே கால். குரல் இல்லை, பத்தரை. குரல் இல்லை, பத்தே முக்கால். கைக்குட்டை அப்படியே நின்றது. விளையாடுகிறவன் கடிகாரம் பார்த்தா விளையாடுவான்? நிமிடம் பிசகாமல், கால் மணிக்கு ஒரு முறை... கையேடு, பன்னிரண்டாம் பக்கம், கடவுளே, அதையும் அவள்தான் எழுதினாள், மின்சாரம் போய்ப் பேட்டரி குறைவாக இருந்தால் ரேடியோவை அணைத்து வையுங்கள், கால் மணிக்கு ஒரு முறை மட்டும் போட்டுக் கூப்பிடுங்கள், இரண்டு நிமிடம் கேளுங்கள், மறுபடி அணையுங்கள், செவ்வாய்க்கிழமை தவறாமல் அதைக் கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல்லிச் சொல்லி எல்லார் காதும் புளித்திருக்கும். யாரோ அதைச் செய்திருக்கிறார்கள். மைக்கில் தண்ணீர் இறங்கியிருக்கும், கம்பி அறுந்திருக்கும், பட்டன் மட்டும் வேலை செய்கிறது, குரல் ஏறவில்லை, ஏறவில்லை என்று அவர்களுக்குத் தெரியுமோ தெரியாதோ, உதவி உதவி என்று கத்தியிருக்கலாம், இங்கே ஒரு டக், நான்கு முறை கத்தினார்கள், நான்காவது முறைக்கு அவள் பதில் சொன்னாள், கையை எடுத்துட்டு ஒதுங்கி இருங்க என்று. எடுத்துவிட்டார்கள். பதினொன்றுக்கு இல்லை, பதினொன்றே காலுக்கும் இல்லை.

உடனே பட்டனை அமுக்கி, "குரல் இல்லாம கூப்பிட்ட ஸ்டேஷன், கேக்குதா, கேட்டா அமுக்குங்க" என்றாள், ஒன்றும் வரவில்லை, எப்படி வரும், மணி பதினொன்று இருபது, அணைத்து வைத்திருப்பார்கள், அவள் சொல்லிக்கொடுத்தபடி, இனி பதினொன்றரைக்குத்தான், அதுவும் இன்னும் அவள்மேல் நம்பிக்கை வைத்து ரேடியோவைப் போட்டால்தான். பத்து நிமிடம். எழுந்தாள், உட்கார்ந்தாள், சன்னல்வரை போனாள், மைக் கம்பி இழுத்தது, திரும்பி வந்தாள். யாராக இருக்கும்... பயிற்சிக்கு வருகிறவர்கள் முப்பத்தைந்து பேர், அதில் இன்றைக்குக் குரல் கொடுத்தவர்கள் முப்பது, மிச்சம் ஐந்து, ஐந்து பேரில் ஒருவன் ஹார்லனா, அவன்தான் இரண்டு வருஷமாகப் பயிற்சிக்கே வரவில்லையே, வரவில்லை என்று யார் சொன்னது, பேசவில்லை, கேட்காமல் இருந்தானா என்று அவளுக்கு எப்படித் தெரியும், ரேடியோவில் கேட்கிறவனுக்கு முகம் கிடையாது. அந்த வருஷம் மார்ச்சில் ஜோலீன் போனாள், ஹார்லனின் மனைவி, நாற்பது நாள் ஆஸ்பத்திரி, செவ்வாய்க்கிழமைப் பேச்சு ஜூனில், மூன்றே மாதம், வெல்டாவுக்கு அது தெரியாதா, நன்றாகத் தெரியும், பட்டனை அமுக்கி அவன் வாயை அடைத்த அந்த நொடியில்கூடத் தெரியும், தெரிந்தும் மாநிலப் பார்வையாளரின் காதைத்தான் நினைத்தாள். சீ. பதினொன்று இருபத்தாறு. அவன் சொன்னால் கேட்கிற ஜாதியே இல்லை, சின்ன வயதிலிருந்தே, ஆகவே இது அவனாக இருக்காது, அவனாக இருந்தால் இன்னும் நாலு தடவை அமுக்கியிருப்பான், ஒதுங்கியிருக்கமாட்டான்... அவனாக இல்லை என்றால் அவன் எங்கே. ராய்ஸின் சட்டைப்பையில் ஒரு காகிதம் இந்நேரம் ஏறியிருக்கும். "எல்லா ஸ்டேஷனும் கேளுங்க, பதினொண்ணரையிலேர்ந்து நான் சொல்றவரைக்கும் யாரும் வாய் தெறக்கக்கூடாது. ஒருத்தர் நம்மள கூப்பிட்டுட்டே இருந்திருக்காங்க. நான்தான் வெரட்டிட்டேன்." நெடின் மட்டும் சொன்னாள், "சரி, வெல்டா."

பதினொன்றரை. "குரல் இல்லாம பட்டன் அமுக்கின ஸ்டேஷன், நான் வெல்டா. முன்னாடி பேசினத மன்னிச்சிருங்க. வெளையாட்டுன்னு நெனைச்சேன். உங்களுக்கு நான் பேசறது கேட்டா ஒரு தடவ அமுக்குங்க." விட்டாள். பீப். ஜெனரேட்டர் வெளியே உறுமுகிறது, யாரோ இருமுகிறார்கள், யாரது இருமுவது... டக். பீப். "சரி. கேக்குது. உங்க பேட்டரிய மிச்சம் பிடிக்கணும். ஆமான்னா ஒரு தடவ அமுக்குங்க. இல்லன்னா ஒண்ணும் செய்யாதீங்க, சும்மா இருங்க, நானே அடுத்ததுக்குப் போயிடறேன். உதவி வேணுமா?" டக். எங்கே என்பதுதான் முதலில், பெயர் கடைசியில், பெயரை வைத்துக்கொண்டு யாரையும் தூக்கிவர முடியாது, இடம் தெரிந்தால் முடியும், கையேடு நான்காம் பக்கம், ஆனால் நாக்கு நுனியில் பெயர்தான் நிற்கிறது, அதை அப்புறம் தள்ளினாள். முப்பது வருஷப் பேருந்துத் தடங்கள் கண்ணுக்குள் விரிந்தன. "நாலாம் நம்பர் பஸ் போற பக்கமா?" மௌனம். ஐந்து எண்ணினாள். "ஏழாம் நம்பர்?" மௌனம். "பதினொண்ணாம் நம்பர்?" டக். பதினொன்று ஹிக்கரி கோவையும் லாங் பிராஞ்சையும் டர்க்கி கேப்பையும் தொட்டுத் திரும்பும் தடம், நிறுத்தம் நிறுத்தமாகக் கேட்டாள், மெட்காஃப் கடை, மௌனம், ஞானஸ்நானக் குளம், மௌனம், பாலத்தடி, மௌனம், ஹிக்கரி கோவ் மேல் கோடி... எட்டு எண்ணினாள், பத்து எண்ணினாள். மௌனம். "டர்க்கி கேப், பழைய பள்ளிக்கூடம்?" டக்.

பழைய பள்ளிக்கூடம் மேட்டில் இருக்கிறது, தண்ணீர் துரத்தினால் மூன்று பள்ளங்களிலிருந்தும் ஜனங்கள் அங்கேதான் ஏறுவார்கள், ஹிக்கரி கோவிலிருந்தும் ஏறலாம், காட்டு வழியில் இரண்டு மைல், முழங்கால் வலிக்காரன் ஹார்லன் ஏறுவானா, உயிர் பயம் இருந்தால் ஏறுவான். "அஞ்சு பேருக்கு மேல இருக்கீங்களா?" டக். "பத்துக்கு மேல?" மௌனம். "யாருக்காவது அடிபட்டிருக்கா?" மௌனம். "மூச்சு முட்டுதா யாருக்காவது? நெஞ்சு வலி? இன்சுலின் தீந்துபோச்சா?" அப்படி மூன்றை ஒன்றாகக் கேட்கக்கூடாது, பள்ளிப் பிள்ளைகூடச் செய்யாத தப்பு, நிறுத்தி, ஒவ்வொன்றாகக் கேட்டாள், மூன்றாவதற்கு டக், ஆனால் இந்த டக் தேய்ந்திருந்தது, நடுவில் கரகரவென்று மணல், பேட்டரி இறங்குகிறது. "நெடின், எழுதிட்டியா?" "எழுதியாச்சு. ஹெலிகாப்டர்காரங்க என் பக்கத்துலயே நிக்கிறாங்க. டர்க்கி கேப், பத்து பேருக்குள்ள, இன்சுலின். முக்கால் மணி நேரம்ங்கறாங்க." முடிந்தது. கேட்கவேண்டியதெல்லாம் கேட்டாகிவிட்டது. இன்னும் ஒரு டக்குக்கு உயிர் இருக்கும், ஒன்றோ இரண்டோ. இப்போது கேட்கலாம், இப்போது பெயரைக் கேட்பது விதிப்படியே சரி, கடைசி வரி, பெயர்... கட்டைவிரல் பட்டன்மேல் இருந்தது, வாயில் ஹார்லன் என்ற சொல் உருண்டது, ஆமான்னா டக், இல்லன்னா மௌனம், அந்த விதியையும் அவள்தானே போட்டாள், ஐந்து எண்ணி, பத்து எண்ணி, மௌனமே வந்துவிட்டால்... "டர்க்கி கேப், ஹெலிகாப்டர் கெளம்புது. ரேடியோவை அணைக்காதீங்க, ஆனா இனிமே பட்டனத் தொடாதீங்க. தலைக்கு மேல சத்தம் கேக்கறவரைக்கும் நான் என்ன கேட்டாலும் அமுக்காதீங்க. அவங்க எறங்க எடம் தேடறப்ப அந்த பேட்டரி வேணும்." கச்சிதமான உத்தரவு. யாரும் குறை சொல்லமுடியாத உத்தரவு. முப்பது பேரும் உள்ளூரத் தலையாட்டியிருப்பார்கள். பதிவேட்டில் பெயருக்கான கட்டத்தில் ஒரு கோடு இழுத்தாள்.

முப்பத்தொன்று, கிடைத்தார். முப்பத்திரண்டு, பேரக்குழந்தைகளோடு கிடைத்தார், வாசலில் ஒரு பெண் தரையில் உட்கார்ந்து அழுதாள், சந்தோஷ அழுகைதான், எல்லா அழுகையும் ஒரே மாதிரி சத்தம்தான் போடுகிறது. முப்பத்து மூன்று... பட்டனைத் தொடாதீர்கள் என்று சொன்னது பேட்டரிக்காகவா. பேட்டரிக்காகத்தான். நிஜமாகவா. நிஜமாக என்றால் ஏன் இப்படிக் கால் ஆடுகிறது, மேசையே ஆடுகிறது, ஒரு கேள்வி கேட்க எத்தனை பேட்டரி செலவாகும், ஒரு டக்கு, ஹெலிகாப்டருக்கு இன்னொரு டக்கு மிச்சம் இருந்திருக்கும். விதிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள், அதுதான் உண்மை, மாநிலப் பார்வையாளருக்குப் பின்னால் நின்றதைப் போல, தம்பிதான் முதலில் வரவேண்டும் என்பதற்குப் பின்னால் நின்றதைப் போல, நாற்பத்தொன்றாம் எண்ணுக்குப் பின்னால்... பயந்தவள். வெல்டா பயந்தவள், ஊருக்கு யாருக்கும் தெரியாது. பன்னிரண்டே காலுக்குச் சரளைக்கல்மேல் சக்கரம் நொறுக்கும் சத்தம் கேட்டது, ராய்ஸின் வண்டி, அவன் வண்டிக்கு மட்டும்தான் அந்த இரும்பு முனகல், திரும்பினால் சன்னல் வழியாக அவன் முகத்தைப் பார்க்கலாம், முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும், அவனுக்கு மறைக்கத் தெரியாது, வாந்தி வரும்போதும் அப்படித்தான் முகத்தில் முதலில் வரும். அவள் திரும்பவில்லை. பட்டனை அமுக்கினாள்.

"ஹார்லன். அது நீயாடா?" விட்டாள். பீப். ஒன்று, இரண்டு, மூன்று... மௌனம். இல்லை என்றால் மௌனம். பேட்டரி தீர்ந்திருந்தாலும் மௌனம். அமுக்காதே என்று அவள் சொன்னதைக் கேட்டிருந்தாலும் மௌனம், மூன்று கதவையும் அவளே சாத்திவிட்டு இப்போது தட்டுகிறாள், முப்பது பேர் காதில் விழ, வரிசையில் இல்லாத பெயரை, அவசர நெட்டில். ஒருவரும் குறுக்கே வரவில்லை. பிறகு நெடினின் குரல், மெதுவாக, "வெல்டா, நாங்க யாரும் வரிசையில இல்ல. நீங்க பேசுங்க." வெளியே வண்டிக் கதவு சாத்தியது. பூட்ஸ் படியேறியது. அவள் மறுபடி பட்டனை அமுக்கி, "ஹார்லன்" என்றாள், அதற்குமேல் என்ன சொல்வது, செய்தி இல்லை, எண் இல்லை, முகவரி இல்லை, உருப்படியாக ஒன்றுமே இல்லை, "இங்க மழை விட்டாச்சு. வெயில்கூட வந்திருக்கு. வாசல்ல எல்லாரும் ஈரத் துணிய காயப்போட்டிருக்காங்க, தீயணைப்பு வண்டி மேலயே போட்டிருக்காங்க, நீ பாத்தா சிரிப்ப..." பூட்ஸ் சத்தம் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றது, "மிஸ் வெல்டா" என்றான் ராய்ஸ், குரலில் ஒன்றும் தெரியவில்லை, அவள் இடது கையைத் தூக்கி அவனைப் பொறுக்கச் சொன்னாள். அமுக்கிப் பிடித்திருக்கும்வரை இந்தப் பெட்டியில் எதுவும் கேட்காது, எதிர்ப்பக்கம் யாரும் இல்லை என்பதும் கேட்காது, விட்டால்தான் அது தொடங்கும்... அன்றைக்கு அவன் விடாமல் பேசியது இதற்குத்தானா? "அப்புறம்," என்றாள் வெல்டா, பட்டனை விடாமல், "அப்புறம் இங்க காபி ரொம்ப மோசம்டா..."